திரையிற் கண்ட கடல்

கடலைப் பற்றிய படக்காட்சிகளைக் காண்பதில் எனக்குள்ள பெருவிருப்பத்தை நம் விடுதி மாணவர் யாவரும் அறிவர். அதுபற்றி அவர்கள் எனக்கிட்ட பட்டப்பெயர் ஒன்றுண்டு. அஃது அச்சேறத் தக்கதன்று. பரீட்சைக்கு முந்திய இரவிலும் யான் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு பசிபிக் மாகடலின் அலைகளைப் பார்த்திருந்ததாக அவர்கள் கூறுவது மெய்யே. “கடற்கரையிலிருந்து வந்தவனுக்குக் கடற்படம் எதற்கு? கரும்புத் தோட்டக்காரன் கடையில் வெல்லம் வாங்குவானோ?” என்று நண்பரொருவர் ஒருநாள் வினவினார். அன்று அவ்வினாவிற்கு விடை சொல்ல இயலவில்லை. சென்ற கோடை விடுமுறைக்குப் பின் ஒருவாறு சொல்லலாமென்று தோன்றுகின்றமையின், இதனை எழுதத் துணிந்தேன்.

முதற்கண், யான் கடற்கரையிலிருந்து வந்தவனல்லேன் என்பதைச் சொல்லிவிடவேண்டும். எம்மூராகிய காட்டூர், மீஞ்சூரினின்று திருப்பாலைவனம் செல்லும் சாலையிலுள்ளது. ஊரையடுத்து நெல்வயல்களும் பெரியதோர் ஏரியும் உண்டு. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய். பழவேற்காட்டுக் காயலைச் சேர்ந்த உவர்நீர்ப் பரப்பு. அதற்கும் அப்பால் ஒடுங்கிய மணற்றிட்டு. அம்மணற்றிட்டையுங் கடந்தாலன்றிக் கடல் இல்லை. பழவேற்காட்டு ஏரி இந்திய நாட்டின் உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது. பரப்பிற் பெரிதாயினும் ஆழத்திற் சிறியது; பெரும்பான்மையான இடங்களில் ஒருவன் நின்றால் மார்பு நனையாது. எந்தையார் இந்நீரில் நின்று இறால் பிடிப்பவர். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடுவரென்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இவ்வேரி மீனவரிடையே தொன்றுதொட்டு வழங்குகின்றது. அதனைப் ‘பாடு’ என்பர். நீரை வயலைப்போல் பங்கிட்டுக்கொள்ள முடிகிறதெனின் அந்நீர் எத்துணை அடக்கமுள்ளதென்பதை வாசகர் உய்த்துணரலாம்.

அலை உடைவதற்கு அதன் பின்னே ஆழமும், முன்னே மேடும் வேண்டும். நெடுந்தொலைவு ஓடிவந்த அலையானது தன் உயரத்திற்குச் சற்றேறக்குறைய ஒத்த ஆழமுள்ள நீரை அடையும்பொழுது, அடி தடைப்பட, தலை முந்திக்கொண்டு கவிழ்கின்றது. எங்கள் காயலில் ஓடிவருவதற்கு ஆழம் ஏது? காற்றடித்தால் நீர் சுருங்கும், அவ்வளவே. ஆனால் கொண்டற்காற்று வீசும் இரவுகளில், வீட்டுத் திண்ணையிற் படுத்திருக்கும்பொழுது, கிழக்கேயிருந்து ஓசை கேட்கும்; ஒன்று விழும், பின் சிறிது மௌனம், பின் மற்றொன்று விழும். பிறந்த நாள் முதலாக யான் கடலைக் கேட்டவன், கண்டவனல்லன். சிறுவனாயிருக்கையில் அம்மணற்றிட்டுக்குச் செல்வேனென்று அடம்பிடித்த போதெல்லாம், “அத்தைக்குத் தெரிந்தால் வருத்தப்படும்” என்று சொல்லி வீட்டார் என்னை அடக்கிவிடுவர். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்லுவேன்.

ஆகவே கடலை யான் முதன்முதற் கண்டது துணியிலேதான். கோயில் திருவிழாவின்போது இரு மூங்கிற் கழிகளுக்கிடையே வெள்ளைத் துணி கட்டிப் ‘படகோட்டி’ காட்டினார்கள். 1964-ம் ஆண்டில் டி. பிரகாஷ் ராவ் இயக்க, எம். ஜி. ஆரும் சரோஜாதேவியும் நடித்த அப்படத்திற்கு எங்கள் பக்கத்து மீனவ ஊர்களில் இன்றும் உள்ள மதிப்பை, அதனைக் கண்டவரே அறிவர். முதியவர் பலர் பாட்டு வருமுன்பே பாடத் தொடங்கிவிட்டனர். யானோ பாட்டைக் கேட்கவில்லை. காற்றில் துணி அசையுந்தோறும் அதிலிருந்த நீரும் அசைந்தது, அவ்வசைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்ததும் எந்தையார், “எல்லாம் சரி, அவர் சட்டையில் ஒரு செதில்கூட ஒட்டவில்லையே!” என்றார். அவர் சொன்ன ஒரே விமரிசனம் அதுவே. நம் தமிழாசிரியர்கள் மன்னிப்பார்களாக, அதனினுஞ் சுருக்கமான விமரிசனத்தை யான் இதுவரை படித்திலேன்.

இக்கலாசாலையிற் சேர்ந்தபின், நூல்நிலையத்தில் சினிமாவின் வரலாற்றைக் கூறும் நூல்களைப் புரட்டுகையில் ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்திற்று. உலகத்தின் முதற் படங்களுள்ளேயே கடல் இருக்கின்றது. 1895-ம் ஆண்டில் இங்கிலாந்தில் பர்ட் ஏக்கர்ஸ் என்பவர் டோவர் துறைமுகச் சுவரின்மீது அலைகள் மோதிச் சிதறுவதைப் படம்பிடித்தார். 1896-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் நாள் நியூயார்க் நகரத்து அரங்கொன்றில் எடிசன் பெயரால் நடந்த காட்சியில் அவ்வலையும் காட்டப்பட்டது. அன்று வந்திருந்தோர் நாடகத்தையும் நடனத்தையும் நிரம்பப் பார்த்தவர்கள். எத்துணைப் பெரிய நாடகக் கம்பெனியாயினும் மேடையின்மீது அலையைக் கொண்டுவந்து நிறுத்த இயலாதன்றோ? சினிமா என்னும் புதுக்கலை தனக்கே உரியதாக ஒன்றைக் காட்ட விழைந்தபொழுது அலையைக் காட்டிற்று என்பதில் எனக்கு ஏனோ பெருமை உண்டாயிற்று, அக்கலையை யானே கண்டுபிடித்தாற்போல.

1895-ம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டு லூமியேர் சகோதரர் எடுத்த படமொன்று ஒரு நிமிஷமும் ஓடாது. துறைமுகத்தின் வாயினின்று சிறு படகொன்று புறப்படுகின்றது. ஆடவர் துடுப்புப் போடுகின்றனர். வலப்புறத்துக் கற்சுவரின்மேல் பெண்டிர் இருவர், குழந்தைகளோடு நின்று பார்க்கின்றனர். படகு வாய்க்கு வெளியே வந்ததும் ஓரலை அதனைப் பக்கவாட்டில் திருப்புகின்றது. ஆடவர் அதனை நேராக்க முயல்கின்றனர். அத்துடன் படம் முடிந்துவிடுகின்றது. படகு என்னவாயிற்று? தெரியாது. அச்சுவரின்மேல் நின்ற பெண்டிர் மட்டும் அங்கேயே நிற்கின்றனர். நம் முன்னோர் நெய்தல் நிலத்திற்கு உரிப்பொருளாக இரங்கலை வகுத்ததை வகுப்பறையில் மனப்பாடம் செய்தபொழுது விளங்காத ஒன்று, பேச்சில்லாத அந்தப் படத்தில் எனக்கு விளங்கிற்று. அதனை யான் எத்தனை முறை பார்த்தேனென்று எண்ணியதில்லை. பார்க்குந்தோறும் அத்தையின் நினைவு வந்தது.

அதன்பின் கிடைத்த கடற்படங்களையெல்லாம் பார்த்தேன். ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1934-ம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆரன் மனிதன்’ என்னும் படத்தில், அயர்லாந்துக்கு மேற்கேயுள்ள பாறைத் தீவினர் பெருஞ்சுறாவை ஈட்டியெறிந்து பிடிக்கின்றனர். கண்ணிமையாமற் பார்க்கத்தக்க காட்சி. ஆனால் அத்தீவினர் அவ்வேட்டையைக் கைவிட்டு நெடுங்காலமாகியிருந்ததென்றும், படத்துக்காக அவர்கள் அதனைப் புதிதாகக் கற்கவேண்டியிருந்ததென்றும், ஒரு குடும்பமாகத் தோன்றுவோர் உண்மையில் ஒரு குடும்பத்தினரல்லரென்றும் அறிந்தபொழுது, என் மகிழ்ச்சியில் கல் விழுந்தது. அலை மட்டும் பொய்யன்று. அவ்வலையிற் படகைச் செலுத்தியவர் மெய்யாகவே உயிரைப் பணயம் வைத்தனர். பொய்க்கதைக்காக மெய்யலையில் இறங்குவது தகுமோ என்று விடுதியில் இரண்டு இரவுகள் வாதிட்டோம்; முடிவு காணவில்லை.

இனி அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். எந்தையின் தமக்கையாகிய அவரைக் காயலுக்கு அப்பால் கடலோரத்துக் குப்பமொன்றில் மணஞ்செய்து கொடுத்திருந்தனர். மாமா கட்டுமரத்திற் கடலுக்குச் செல்பவர். யான் பிறப்பதற்குப் பல்லாண்டுகட்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒருநாள், மரம் கரையேறிற்று; மாமா ஏறவில்லை. அத்தை காட்டூருக்குத் திரும்பிவந்தார். இறாலும் நண்டும் கூடையிற் சுமந்து மீஞ்சூரில் விற்று, எங்கள் வீட்டிலேயே இருந்து, என்னையும் வளர்த்தார். யான் கல்லூரியிற் சேர்ந்தபொழுது கட்டிய முதற் பணம் அவருடைய கூடைப் பணம். காயலைக் கடந்து கடற்பக்கம் அவர் மீண்டும் சென்றதேயில்லை. திருவிழாப் படத்திற்கும் வரமாட்டார். அது கைம்பெண்மையின் ஒடுக்கமென்றே யான் எண்ணியிருந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் நண்பரொருவரின் மடிக்கணினியை இரவல் வாங்கிக்கொண்டு ஊர் சென்றேன். மாலைவேளைகளில் அதனைத் திண்ணைமேல் வைத்தால் அண்டை வீட்டார் பத்துப்பேராவது கூடிவிடுவர். முதல்நாள் ‘செம்மீன்’ போட்டேன். தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவலைக் கொண்டு ராமு காரியாட் 1965-ம் ஆண்டில் இயக்கிய மலையாளப் படம். இந்திய அரசின் தங்கப் பதக்கம் தென்னாட்டுப் படமொன்றிற்கு முதன்முதற் கிடைத்தது அதற்கேயாம். சலில் சௌதுரியின் இசையும், மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவும் அதன் இரு கண்கள். மலையாளம் எங்களவர்க்குப் பாதிதான் புரியும். எனினும் படகும் வலையும் கடனும் எல்லா மொழியிலும் ஒன்றேயன்றோ? சுந்தர ராமசாமி அவர்களின் மொழிபெயர்ப்பில் அந்நாவலை யான் படித்திருந்தமையால், புரியாத இடங்களை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தை வாயிற்படிக்கு உட்புறம், எங்களுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

கதையின் நடுவே அந்நம்பிக்கை வருகின்றது. கடலிற் சென்ற கணவனுடைய உயிர், கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் இருக்கின்றதாம். அவள் பிழைத்தால் கடலன்னை அவனை விழுங்கிவிடுவாளாம். மாணவனுக்குரிய உற்சாகத்தோடு இதனை உரத்த குரலில் விளக்கினேன். கூட்டம் ஒருகணம் அசைவற்றிருந்தது. எந்தையார் எழுந்து, தொண்டையைச் செருமி, “போதும் தம்பி, நிறுத்து. நாளைக்குப் பார்க்கலாம்” என்றார். யான் ஏனென்று கேட்டேன். ஒருவரும் விடை சொல்லவில்லை. உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது:

“ஏன் நிறுத்தச் சொல்லுகிறாய்? அவனுக்கு ஒன்றும் தெரியாது. மாமா கடலுக்குப் போன அன்றைக்கு நான் நாத்தனாரோடு பொன்னேரியிலே சினிமா பார்க்கப் போயிருந்தேன், கண்ணு. பகலாட்டம். அதனாலேதான் மரம் மட்டும் வந்ததாம். அந்தப் பேச்சைத் தாங்காமல்தான் இங்கே வந்தேன். நீ படத்தைப் போடு. அந்தப் பெண்ணுக்கு முடிவு என்ன ஆகிறது பார்ப்போம்.”

யான் எங்ஙனம் இருந்தேனென்பதை எழுதவேண்டுவதில்லை. இருபது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் இதனை அறியாதிருந்தேன். மேலும், எனக்குக் களிப்பாயிருந்த ஒன்றே அவர்மீது பழியாக ஏற்றப்பட்டிருந்தது. கை நடுங்கப் படத்தை மீண்டும் ஓடவிட்டேன். அத்தை உரித்த இறாலை மூடிவைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, வெளியே வந்து எங்களோடு அமர்ந்தார். முடிவு வாசகர் அறிந்ததே. பழனி தூண்டிலில் மாட்டிய சுறாவோடு போராடிச் சுழலில் மறைகின்றான். கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் மறுநாள் கரையிற் பிணமாய்க் கிடக்கின்றனர்.

திரை இருண்டபின் அத்தை பேசினார். “கடலை நன்றாகப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கடல்மேல் நானே போனதுபோல இருந்தது. ஆனால் இந்தச் சங்கதி மட்டும் சரியில்லை. கடல் என்ன பெண்பிள்ளையைப் பார்த்தா அலை அடிக்கிறது? காற்றைப் பார்த்து அடிக்கிறது. அன்றைக்குக் காலையிலேயே கிழக்கே கறுத்திருந்தது. ஊரெல்லாம் பார்த்தார்கள், உன் மாமாவும் பார்த்தார். வலை வாங்கின கடன் இருந்தது, போனார்.”

இலக்கிய வகுப்பில் ‘செம்மீன்’ பற்றி யான் எழுதிய கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருந்தது. ஆசிரியர் அந்நம்பிக்கையை ஏற்கின்றாரா, அதற்குப் பலியாவோரைக் காட்டி இரங்குகின்றாரா என்று நான்கு பக்கம் ஆராய்ந்திருந்தேன். ஆனால் பார்ட்லியின் ஒளிப்பதிவில் அந்தக் கடல் இத்துணை அழகாயிருப்பதனாலேயே, அதனோடு கலந்துவரும் அந்தப் பழங்கொள்கையும் நம் மனத்தில் இனிதாய் இறங்கிவிடுகின்றதென்பதும், அதனை ஏற்கெனவே தலையிற் சுமந்திருப்பவள் அப்படத்தை எங்ஙனம் காண்பாளென்பதும் எனக்குத் தோன்றவேயில்லை. படம் எனக்கு இன்றும் பிரியமானதே. ஆயினும் அந்த இடம் வரும்பொழுது இப்பொழுதெல்லாம் தானே கண் தாழ்கின்றது.

மறுநாள் மாலை யான் கணினியை எடுக்கவில்லை. அத்தையே வந்து, “வேறே கடல் ஏதாவது வைத்திருக்கிறாயா?” என்று கேட்டார்.

எவரும் சாகாத கடல் ஒன்றைத் தேடினேன். ‘முடிவிலாக் கோடை’ என்று தமிழிற் சொல்லத்தக்க அமெரிக்கப் படமொன்று என்னிடம் இருந்தது. புரூஸ் பிரௌன் என்பவர் எடுத்து, 1966-ம் ஆண்டில் எங்கும் வெளியாயிற்று. கலிபோர்னியாவைச் சேர்ந்த மைக் ஹின்சன், ராபர்ட் ஆகஸ்ட் என்னும் இளைஞர் இருவர், பலகைகளைச் சுமந்துகொண்டு, கோடைகாலம் செல்லுமிடமெல்லாம் தாமும் பின்தொடர்ந்து, செனகல், கானா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தாஹித்தி என்று உலகத்தைச் சுற்றி அலையேறுகின்றனர். கதை அவ்வளவே.

சிறிதுநேரம் பார்த்துவிட்டு அத்தை, “வலை எங்கே?” என்றார்.

“வலை இல்லை அத்தை. மீன் பிடிக்க வரவில்லை, விளையாட வந்திருக்கிறார்கள்.”

“இவ்வளவு தூரமா? பலகையைத் தூக்கிக்கொண்டு?” அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்ததை யான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கானா நாட்டுக் கரையில் ஊர்மக்கள் திரண்டு நின்று இவ்விருவரையும் வேடிக்கை பார்க்கும் காட்சி வந்ததும், “பார், அவர்களும் இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்” என்றார்.

பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் புனித பிரான்சிஸ் முனை என்னுமிடம். மணற்குன்றுகளைக் கடந்து இளைஞர் இறங்குகின்றனர். கீழே, ஆளில்லாத கரையில், அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவான அலைகள் வரிசையாக வந்து, ஓரத்திலிருந்து சுருண்டு சுருண்டு உடைகின்றன. ஒருவன் அலை எழும்பும் தருணம் பார்த்துக் கையால் நீரைத் துழாவி, பலகைமேல் எழுந்து நின்று, சரிவில் வழுக்கிக்கொண்டே நெடுநேரம் செல்கின்றான். அலை முடிகின்ற வழியாயில்லை. அத்தையின் சிரிப்பு நின்றது.

“மாமா இப்படித்தான் வருவார்” என்றார்.

யாவரும் திரும்பிப் பார்த்தோம். அவர் திரையினின்று கண்ணெடாமலே சொல்லலானார். கடலிலிருந்து திரும்பும் மரம் உடையலைக்கு வெளியே நிற்குமாம். அவசரப்பட்டால் அலை மரத்தைப் புரட்டிவிடும். பின்னே பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பேரலைகள் சில கடந்தபின், ஏற்ற அலை வந்து பின்புறத்தைத் தூக்கும்பொழுது துடுப்பை வலித்தால், அதன் முதுகிலேயே கரைக்கு வந்துவிடலாம். மற்றவர்கள் முழங்காலிட்டு வருவார்களாம். மாமா எழுந்து நின்றே வருவாராம், துடுப்பைப் பின்னே ஊன்றினாற்போல் பிடித்துக்கொண்டு. இதைச் சொன்னவர் திண்ணையிலிருந்து இறங்கி, வாசலில் நின்று, வலக்காலைப் பின்னே வைத்து முழங்காலைச் சற்று மடித்துக் காட்டினார். அறுபது வயதைக் கடந்தவர் அவர். “கரையிலே நான் நிற்கிறேன் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் நிமிர்வார்” என்றார்.

அக்கடற்கரைக்கு இக்கலை புதிதன்றென்பதை அன்று அறிந்தேன். இந்நாளில் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ இளைஞர் பலகையேறப் பயின்று, போட்டிகளிலுங் கலந்துகொள்கின்றனர். அதனைப் புதுமையாக எழுதுவோர் உளர். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கட்டுமரங்கள் அருகி, எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. அலையின் முதுகில் எழுந்து நின்று வந்தவர்களை யாரும் படம்பிடித்து வைத்ததாக யான் அறியேன். ஆங்கிலர் தம் மொழிக்குக் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லை மாத்திரம் எடுத்துச் சென்றனர்.

அந்த அலையை அன்றிரவு நான்குமுறை திரும்பப் போடச் சொன்னார். நான்காம் முறை ஓடிக்கொண்டிருக்கையில் மின்கலம் தீர்ந்து கணினி அணைந்தது. அண்டை வீட்டார் எழுந்து சென்றனர். இருட்டில் கிழக்கேயிருந்து ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

“பொன்னேரிக் கொட்டகையிலே இப்போது என்ன படம் ஓடுகிறது?” என்றார் அத்தை.

யான் உடனே விடை சொல்லவில்லை. “அன்றைக்குப் பாதியிலே எழுந்து வந்துவிட்டேன். காற்று மாறினது உள்ளே இருந்தபோதே தெரிந்தது. அந்தப் படத்தின் பெயர்கூட மறந்துபோயிற்று” என்றார்.

அடுத்த சனிக்கிழமை அத்தையும் எந்தையாரும் யானும் பேருந்தேறிப் பொன்னேரிக்குச் சென்றோம். பகலாட்டத்திற்கே சீட்டு வாங்கச் சொன்னார். ஏதோ ஒரு சண்டைப் படம். ஒரு காட்சியிலாவது கடல் வரவில்லை. எந்தையார் இடைவேளைக்கு முன்பே உறங்கிவிட்டார். அத்தை கடைசிவரை இருந்து பார்த்தார்.